பழைய லெக் வைஸ்: பெயரும் தெரியவில்லை, திருகும் நகரவில்லை

மார்ச் 2, காலை (கேள்வி)

பழைய இரும்புச் சாமான்களோடு ஒரு கொல்லர் வைஸ் (வேலைத்துண்டைக் கவ்விப் பிடிக்கிற கருவி) வந்து சேர்ந்தது. தரை வரை நீளும் கால் இருக்கிற லெக் வைஸ் வகை. தாடை அகலம் 5 அங்குலம், தராசில் 24.5 கிலோ. கால் முழுசாக இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய ஸ்பிரிங் இல்லை, கம்பத்தில் பிடிக்கிற பிராக்கெட்டும் இல்லை. தாடை நாலு விரல் திறந்த நிலையில் திருகு இறுகிவிட்டது. எழுத்து எதுவும் தெரியவில்லை, முழுக்கத் துரு. எந்தக் கம்பெனி, எந்தக் காலம்? தாடையை கிரைண்டரில் சமப்படுத்திவிட்டுப் பெயின்ட் அடித்தால் போதுமா?

மார்ச் 2, இரவு

கிரைண்டரைத் தள்ளி வையுங்கள். எழுத்து இருந்தால் அது அரை மி.மீ. ஆழம்கூட இருக்காது. வெட்டுத்தட்டு ஒரு தடவை ஓடினால் போய்விடும். கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், பழைய துணி, இப்போதைக்கு இவ்வளவு போதும்.

முதலில் இது அடித்துச் செய்ததா, வார்த்ததா என்று பாருங்கள். கொல்லர் வைஸின் அருமையே அதன்மேல் சம்மட்டி போடலாம் என்பதுதான். பெஞ்சு வைஸ் பெரும்பாலும் வார்ப்பிரும்பு, ஓங்கி அடித்தால் பிளக்கும். லெக் வைஸில் அடி தாடையிலிருந்து கால் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். ஆனால் வார்ப்பிரும்பில் செய்த லெக் வைஸும் உண்டு. காலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய அச்சுக்கோடு ஓடினால் சந்தேகப்படுங்கள். வெளியே தெரியாத ஒரு மூலையில் கிரைண்டரை லேசாகத் தொட்டுப் பொறியையும் பார்க்கலாம். வார்ப்பிரும்பில் குட்டையான மங்கிய சிவப்புப் பொறி. தேனிரும்பில் (கார்பன் மிகக் குறைந்த, அடித்துச் செய்கிற பழைய இரும்பு) நீளமான வைக்கோல் நிறக் கோடு, நுனியில் பூ வெடிப்பது அரிது. எஃகில் வெள்ளையாகப் பூப்பூவாக வெடிக்கும். கார்பன் ஏற ஏற பூ அதிகம்.

பழையவற்றில் உடல் தேனிரும்பு, தாடை முகத்தில் மட்டும் எஃகுத் தகடு உலையில் பற்றவைத்திருப்பார்கள். தாடைக்குப் பக்கவாட்டில் அரத்தால் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். முகத்திலிருந்து 6, 8 மி.மீ. உள்ளே ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அதுதான் ஒட்டு. அரம் கோட்டுக்கு ஒருபுறம் கடிக்கும், மறுபுறம் வழுக்கும். முகத்தைச் சமப்படுத்துகிறேன் என்று இறங்கினால் தின்னப்போவது இந்த எஃகைத்தான்.

மார்ச் 3

எழுத்து தேட வேண்டிய இடங்கள்: பின்தாடைக் காலின் இரண்டு பக்கமும், திருகு போகிற வட்டமான கண்ணுக்குக் கீழே ஒரு சாண் வரை. அடுத்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் திருகுப்பெட்டி, அதாவது திருகு உள்ளே மரையேறுகிற குழாய். அதன் உடலிலும் பின்முனை வளையத்திலும் பாருங்கள். துருவைச் சுரண்ட வேண்டாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து பித்தளை பிரஷால் தேயுங்கள், பிறகு இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். சாக்பீஸைப் படுக்கையாகத் தேய்த்தால் பள்ளம் மட்டும் கறுப்பாக நிற்கும்.

பெட்டியில் 'சாலிட் பாக்ஸ்' என்ற சொற்களோடு பீட்டர் ரைட் என்று இருந்தால் அது இங்கிலாந்தின் டட்லியில் செய்தது. ஆறுமுனை நட்சத்திரம் இருந்தால் பிட்ஸ்பர்க்கின் அயர்ன் சிட்டி. கொலம்பியன் என்றால் கிளீவ்லாந்து. பெயரே குத்தாமல் போனவையும் ஏராளம், அதனால் தரம் குறைவு என்று அர்த்தம் இல்லை.

பெயரில்லாவிட்டால் உடம்பை வைத்துத்தான் பேச வேண்டும். கால் எண்கோணமாகச் சீவியிருக்கிறதா, சதுரமா? பிராக்கெட் பிடித்த இடம் எப்படி இருக்கிறது? காலைத் துளைத்து ஒரு சதுர ஓட்டை இருந்தால் அதில் முளை நுழைத்து ஆப்படித்த பழைய முறை. ஓட்டை இல்லாமல் காலைச் சுற்றி U பட்டை போட்டு ஆப்பு இறக்கியது அதற்குப் பிந்திய முறை. U போல்ட்டும் நட்டும் போட்டிருந்தால் இன்னும் பிந்தியது. பொறிச்சோதனையில் உடம்பு முழுக்க எஃகாகத் தெரிந்தால் பெஸ்ஸமர் முறை (1856) வந்து எஃகு மலிந்த பிறகான சரக்கு. இவை தோராயம்தான். பழைய பாணியில் பிற்காலத்திலும் செய்துகொண்டிருந்தார்கள்.

மார்ச் 3, பிற்பகல்

திருகை விடுவிக்க: அசிட்டோனும் கியர் எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெய்) சமபங்கு. இரண்டும் சேர்ந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்றுங்கள். அசிட்டோன் தீப்பற்றும், பக்கத்தில் உலை எரியக் கூடாது. வைஸை நிமிர்த்திப் பெட்டி கீழே, திருகின் தலை மேலே இருக்கும்படி சாய்த்து, காலையும் மாலையும் ஊற்றி மூன்று நாள் விடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பெட்டியை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டு மறுபடி எண்ணெய்.

கைப்பிடியில் குழாய் மாட்டி நெம்ப வேண்டாம். கைப்பிடிதான் முதலில் வளையும், அதற்கும் வளையாவிட்டால் திருகின் கழுத்து முறியும். கைப்பிடியின் நுனியில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருங்கள், முன்னும் பின்னும். ஒரே பக்கமாக இழுப்பதைவிட இந்த அதிர்வு நன்றாக வேலை செய்யும்.

மார்ச் 5 (கேள்வி கேட்டவர்)

கால் எண்கோணம். காலில் சதுர ஓட்டை இருக்கிறது. பொறி நீளமாக மங்கலாக வருகிறது, பூ இல்லை. பெட்டியின் வாயில் திருகு நுழைகிற இடத்தைத் தேய்த்தபோது மஞ்சளாக ஒரு வரி தெரிந்தது. பெட்டியின் மேலேயும் நீளவாக்கில் மஞ்சள் கோடு. பித்தளையா? நாளைக்குக் காய்ச்சலாம் என்று இருக்கிறேன்.

மார்ச் 5, உடனே

காய்ச்சாதீர்கள். மார்ச் 3 பிற்பகல் எழுதியதில் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். பெட்டி எந்த வகை என்று கேட்காமல் நெருப்பைச் சொன்னது தவறு.

அது பித்தளைதான். உங்களிடம் இருப்பது பற்றவைத்த பெட்டி.

மார்ச் 5, இரவு

விவரமாக. ஒரு குழாய்க்குள் சதுர மரை வெட்டுவது அந்தக் காலத்தில் பெரும்பாடு. அதனால் மரையை வெட்டாமல் சுற்றினார்கள். திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்துகிற சதுரக் கம்பியை, திருகின்மேலேயே சுருளாகச் சுற்றிக் கழற்றுவது. அந்தச் சுருளை இரும்புக் குழாய்க்குள் இறக்கி, பித்தளைத் துண்டும் வெங்காரமும் (போராக்ஸ்) போட்டு, களிமண் அப்பி உலையில் வைத்தால் பித்தளை உருகிச் சுருளையும் குழாயையும் பிடித்துக்கொள்ளும். குழாயே தகட்டை வளைத்துச் செய்ததாக இருக்கும். அந்த மூட்டும் பித்தளைதான். நீங்கள் பார்த்த நீளக்கோடு அது. வாயில் தெரிந்த மஞ்சள் வரி, சுருளுக்கும் குழாய்க்கும் நடுவே நிற்கும் பித்தளை.

'சாலிட் பாக்ஸ்' என்று பெயரோடு சேர்த்துக் குத்திப் பெருமைப்பட்டதன் காரணமும் இதுதான். ஒரே கட்டி இரும்பில் துளைத்து மரை வெட்டியது, பித்தளை விட்டுப்போகும் பயம் இல்லை என்பதைச் சொல்லி விற்றார்கள்.

இந்தப் பித்தளை 900 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் உருகும். மங்கிய சிவப்பு அதற்குக் கீழேதான், உண்மை. ஆனால் காய்ச்சுகிற கைக்கு மங்கிய சிவப்புக்கும் பிரகாசமான சிவப்புக்கும் தூரம் மிகக் குறைவு. பகல் வெளிச்சத்தில் கண் ஏமாறும். மெல்லிய குழாய் உள்ளே இருக்கும் தடித்த திருகைவிடச் சீக்கிரம் சூடேறும். பித்தளை இளகியபின் திருகைத் திருப்பினால் சுருளே திருகோடு கழன்று வெளியே வரும். இதே காரணத்துக்காக முழு வைஸையும் விறகுத் தீயில் போட்டுப் பெயின்டும் கிரீஸும் எரிக்கிற பழக்கமும் இதற்கு ஆகாது. அதில் தாடையின் கடினமும் சேர்ந்து போகும்.

மார்ச் 6

சூடே கூடாது என்றும் இல்லை. 150 டிகிரி போதும், தண்ணீர்த் துளி தெறித்தால் சீறி உடனே ஆவியாகிற சூடு. அந்தச் சூட்டில் பெட்டியின் வாயில் மெழுகுவத்தியைத் தொட்டுப் பிடியுங்கள். உருகிய மெழுகு இடுக்குக்குள் இழுபட்டுப் போகும், ஆறும்போது இன்னும் உள்ளே. எண்ணெய் போக மறுத்த இடத்துக்கு மெழுகு போகும். அசிட்டோன் கலவை ஊற்றியிருப்பதால் முதலில் அது முழுக்க ஆவியாகிப் போகட்டும். ஒரு நாள் திறந்த வெளியில் வையுங்கள், பிறகு நெருப்பு.

மறந்துவிடக் கூடாத இன்னொன்று. திருகு திரும்பும்போது பெட்டியும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். பெட்டியின் உடம்பில் ஒரு சின்ன மேடு இருக்கும், அது பின்தாடைக் கண்ணில் உள்ள வெட்டுக்குள் உட்கார்ந்து பெட்டியைச் சுற்றவிடாமல் பிடிக்கும். அந்த மேடு தேய்ந்திருந்தால் நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் பெட்டிதான் சுற்றும், திருகு அல்ல. பெட்டியைக் குழாய்க் குறட்டால் பிடிக்காதீர்கள், மெல்லிய குழாய் நசுங்கும். இரண்டு மரக்கட்டையில் அரைவட்டம் குடைந்து நடுவில் பிடியுங்கள்.

மார்ச் 9 (கேள்வி கேட்டவர்)

மெழுகு மூன்றாவது தடவை வைத்ததும் நகர்ந்தது. பெட்டி சுற்றவில்லை. முழுக்க மூடிப் பார்த்தேன். தாடையின் மேல்விளிம்பு ஒட்டுகிறது, கீழே 1.5 மி.மீ. இடைவெளி. அதுபோக முன்தாடை இடதுபக்கம் 5 மி.மீ. விலகி நிற்கிறது. மேல்விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்யலாமா?

மார்ச் 9

கூடாது. மேலே முதலில் ஒட்டுவதுதான் சரி. அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

முன்கால் கீழே ஒரு போல்ட்டில் கீல் போல ஆடுகிறது. அதனால் தாடைகள் ஒரே ஒரு திறப்பில் மட்டும்தான் இணையாக இருக்க முடியும். மூடியிருக்கும்போது கீழே இடைவெளி. திறக்கத் திறக்க முன்தாடை வெளிப்பக்கம் சாய்ந்து, ஓரிடத்தில் இணையாகி, அதற்குமேல் மேல்பக்கம் விரியும். எந்தத் திறப்பில் இணையாகும் என்று கணக்குப் போடலாம். கீழ் இடைவெளியைக் கீல் போல்ட்டிலிருந்து தாடை வரையுள்ள உயரத்தால் பெருக்கி, தாடை முகத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். உங்களுடையதில் போல்ட்டிலிருந்து தாடை 500 மி.மீ., முகம் 30 மி.மீ. என்று வைத்தால் 1.5 × 500 ÷ 30, அதாவது 25 மி.மீ. ஓர் அங்குலக் கம்பியைப் பிடிக்கும்போது முகம் முழுக்கப் பதியும். கொல்லருக்கு அதிகம் தேவைப்படுகிற அளவு அதுதான். மெல்லிய தகடு என்றால் மேல்விளிம்பு பிடிக்கும், மடிப்பும் விளிம்பில் கூர்மையாக விழும். இப்போது தேய்த்துச் சமமாக்கினால் மூடியிருக்கும்போது அழகாக ஒட்டும், அங்குலக் கம்பியைக் கீழ்விளிம்பு மட்டும் கவ்வும். தட்டினால் கம்பி மேலே துள்ளும்.

மேலே இடைவெளி, கீழே ஒட்டு என்று தலைகீழாக இருந்தால்தான் நோய். கீல் ஓட்டை தேய்ந்திருக்கும்.

மார்ச் 10

நேற்று எழுதிய கடைசி வரி நிற்காது, கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். கீல் ஓட்டை முன்பின்னாக 3 மி.மீ. தேய்ந்திருந்தாலும் 500 மி.மீ. உயரத்தில் அது தரும் சாய்வு, 30 மி.மீ. முகத்தில் 0.2 மி.மீ.கூட வராது. ஆகவே மேலே 1 மி.மீ. இடைவெளி என்றால் காரணம் ஓட்டை அல்ல. கால் வளைந்திருக்கிறது, இல்லை யாரோ தாடையை அராவியிருக்கிறார்கள், இல்லை வேறொரு வைஸின் முன்தாடை.

பக்கவாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. முன்கால் கீலின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு கன்னத்தகடுகளுக்கு நடுவே உட்காருகிறது. தகட்டின் உயரம் சுமார் 80 மி.மீ. என்றால், அங்கே வெறும் 1 மி.மீ. ஆட்டம் மேலே தாடையில் 6 மி.மீ. விலகலாக வந்து நிற்கும். உங்களுடைய 5 மி.மீ. விலகல் அனேகமாக அங்கிருந்துதான். மேலே கண்ணில் படுகிற கோளாறுக்கு மருந்து கீழே இருக்கிறது. கால் வளைந்துவிட்டது என்று முடிவுகட்டி உலைக்குத் தூக்குவதற்கு முன்னால் கீலைக் கழற்றிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: போல்ட்டை எடுத்து, முன்காலின் இரண்டு பக்கமும் பித்தளை வாஷர் அல்லது தகடு வெட்டிப் போடுங்கள். 0.3, 0.5 மி.மீ. தகட்டில் நாலைந்து துண்டு வெட்டி வைத்துக்கொண்டால் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். விலகல் இடதுபக்கம் என்பதால் ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து ஒருபுறம் அதிகமாக வைக்க நேரலாம். போல்ட்டை இறுக்கியபின் முன்கால் தன் எடையில் மெதுவாகச் சாய்ந்து விழ வேண்டும். தள்ளினால்தான் நகரும் என்றால் இறுக்கம் அதிகம், ஸ்பிரிங்கால் திறக்க முடியாது.

தகடு வைத்தும் விலகல் போகாவிட்டால்தான் காலை நிமிர்த்துவது. திருகையும் பெட்டியையும் கழற்றி எடுத்துவிட்டு, கண்ணுக்குக் கீழே 10 செ.மீ. நீளத்தை மட்டும் காய்ச்ச வேண்டும். தேனிரும்பை அரைச் சூட்டில் வளைக்காதீர்கள், நார்நாராகப் பிளக்கும். நல்ல ஆரஞ்சு தாண்டி மஞ்சள் ஏறும்போது வளையுங்கள். தாடையின்மேல் ஈரத்துணி சுற்றி வைத்தால் முகத்தின் கடினம் தப்பும்.

மார்ச் 11

கீல் போல்ட்டின் நட்டு தொலைந்தால் புதியது தேடுபவர்களுக்கு ஒரு கண்ணி. இந்த அளவு வைஸில் முக்கால் அங்குல போல்ட் வருவது சகஜம். விட்வொர்த் 1841இல் முன்வைத்த இங்கிலாந்து மரையிலும், செல்லர்ஸ் 1864இல் முன்வைத்த அமெரிக்க மரையிலும் முக்கால் அங்குலத்துக்கு அங்குலத்தில் 10 மரைதான். ஆனால் மரையின் கோணம் முன்னதில் 55 டிகிரி, பின்னதில் 60. ஒன்றின் நட்டு மற்றதில் ஏறும், முழுசாகப் பதியாது. அதைவிட மோசம் இன்றைய 20 மி.மீ. நட்டு. அதன் மரை இடைவெளி 2.5 மி.மீ., முக்கால் அங்குலத்தில் 2.54. வழவழவென்று ஏறிவிடும், இறுக்கினால் மரை உரிந்துவிடும். உங்கள் வைஸ் விட்வொர்த், செல்லர்ஸ் இரண்டுக்கும் முந்தியதாக இருந்தால் எந்த நட்டும் சேராது. பழைய நட்டைப் பழைய போல்ட்டோடு கட்டி வையுங்கள்.

மார்ச் 12

துரு எடுக்க மின்சாரத் தொட்டிதான் என் தேர்வு. எழுத்தையும் உளித்தடத்தையும் தின்னாது. மணல் அடித்தால் பழைய தோல் முழுக்கப் போய் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வினிகரும் சிட்ரிக் அமிலமும் துருவைக் கரைக்கும், ஆனால் தேனிரும்பில் கசடு ஓடும் நார்களைப் பள்ளமாக அரிக்கும். உங்கள் பெட்டிக்கு அமிலம் கட்டாயம் வேண்டாம். பித்தளையும் இரும்பும் ஒட்டிக்கிடக்கிற இடத்தில் அமிலம் இரும்பை முதலில் தின்னும், அதுவும் மூட்டிலேயே.

தண்ணீர் 10 லிட்டருக்குச் சலவை சோடா 50 கிராம். உப்பு போடக் கூடாது, குளோரின் வாயு வரும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். அதன் மைனஸ் முனை வைஸுக்கு, பிளஸ் முனை பலிகொடுக்கிற பழைய இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் வைஸ் கரையும். அந்தத் தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும். துத்தநாகம் பூசியதும் வேண்டாம். 3 முதல் 5 ஆம்பியர் போதும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் வையுங்கள், கம்பியைக் கழற்றுவதற்கு முன்னால் சார்ஜரை அணையுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சின்னப் பொறியே வெடிக்கப் போதும்.

காலின் நீளம்தான் சிக்கல், வாளியில் அடங்காது. பலகையில் நீளப்பெட்டி அடித்து உள்ளே தார்ப்பாய் விரித்தால் தொட்டி தயார். தகடு பார்க்கிற பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், ஆகவே இரண்டு பக்கமும் தகடு வையுங்கள் அல்லது 12 மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஒரு நாளில் துரு கறுத்த சேறாக மாறியிருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்து, அந்த நிமிடமே சூடு காட்டி உலர்த்துங்கள். பத்து நிமிடம் விட்டாலும் ஆரஞ்சுத் தூள் பூக்கும்.

பெயின்ட் மிச்சம் இருந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

மார்ச் 15

திருகு வெளியே வந்துவிட்டதால் இப்போது அதைப் படியுங்கள். சதுர மரையில் பல்லும் பள்ளமும் சம அகலம். 6 மி.மீ. இடைவெளி என்றால் பல் 3 மி.மீ. திருகின் இரண்டு இடங்களை அளந்து ஒப்பிடுங்கள். எப்போதும் வேலை செய்கிற, தாடை மூடும் பக்கத்தின் பல், அதிகம் தொடப்படாத மறுமுனையின் பல். இரண்டாவதுதான் பிறந்தபோது இருந்த அளவு. முதலாவது அதில் பாதிக்குமேல் இருந்தால் அப்படியே ஓட்டலாம். பாதிக்குக் கீழே, நுனி கத்தி போலக் கூர்த்திருந்தால் ஒருநாள் இறுக்கும்போது வழுக்கித் தாவும்.

பெட்டிக்குள் டார்ச் அடித்து மஞ்சள் வரி சுருள் முழுக்கத் தொடர்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அறுந்து கறுத்த இடுக்கு தெரிந்தால் அங்கே பற்று விட்டிருக்கிறது. ஒன்றிரண்டு சுற்று விட்டாலும் மிச்சம் தாங்கும். வாய்ப்பக்கத்து முதல் சுற்று ஆடினால் அது மடங்கித் திருகில் சிக்கிக்கொள்ளும், அந்த அரைச் சுற்றை வெட்டி எடுத்துவிடுவது நல்லது.

பெட்டி முழுக்கப் போய்விட்ட வைஸுக்கு: பழைய சுருளைக் கடைந்து எடுத்துவிட்டு, புது நட்டைப் பெட்டிக்குள் இறுக்கமாக இறக்கி இரண்டு முளை அடித்துப் பிடிக்கலாம். வெளித்தோற்றம் மாறாது. 5 அங்குல வைஸுக்கு 32 மி.மீ. விட்டம், 6 மி.மீ. இடைவெளி உள்ள டிரபீசாய்டல் (சரிவகப் பல்) தண்டும் நட்டும் பொருத்தமானது. பழைய திருகின் தலையைத் துண்டித்துப் புதுத் தண்டில் பற்றவைக்க வேண்டிவரும். உங்களுக்கு இது தேவைப்படாது என்றே தோன்றுகிறது.

மார்ச் 15, சற்றுக் கழித்து

வாஷர்! திருகின் தலைக்கும் முன்தாடைக் கண்ணுக்கும் நடுவே ஒரு தடித்த வளையம் இருக்க வேண்டும், ஒருபுறம் குவிந்தது. கண்ணின் வாயும் அதற்கேற்றபடி குழிந்திருக்கும். முன்கால் சாயும்போது இந்தக் குவிந்த முகம் குழிக்குள் புரண்டு திருகை நேராக வைத்திருக்கும். அது தொலைந்து தட்டை வாஷர் போட்டிருந்தால் திருகின் தலை ஒரு விளிம்பில் மட்டும் உட்கார்ந்து தண்டை வளைக்கும். திருகு பாதிச் சுற்று லேசாகவும் பாதிச் சுற்று கனமாகவும் திரும்புகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். கடைசலில் செய்து போடுவது எளிது, எஃகில் 10 மி.மீ. தடிமன் போதும். மூடியிருக்கும்போதும் முழுக்கத் திறந்திருக்கும்போதும் இரண்டு நிலையிலும் மை தடவிப் பார்த்து, வட்டமாகப் பதிகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

மார்ச் 18

ஸ்பிரிங். வண்டியின் லீஃப் ஸ்பிரிங் துண்டு, 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன், 30 முதல் 35 செ.மீ. நீளம். கீழ்முனை கன்னத்தகட்டுக்கு மேலே பின்காலில் உட்காரும், மேல்முனை முன்காலில் கண்ணுக்குக் கீழே தள்ளும். கீழ்முனையின் இரு காதையும் மடித்துப் பின்காலை அணைத்துப் பிடிக்கும்படி அடித்தால் இடம் மாறாது. மேல்முனையை 3 மி.மீ.க்கு மெலித்து நுனியை வெளிப்பக்கம் சுருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முன்காலைக் கீறிக்கொண்டே இருக்கும்.

துவைச்சல் (காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவது) போடாமலே முதலில் முயலுங்கள். சிவக்கக் காய்ச்சி நிழலில் தானாக ஆறவிட்ட ஸ்பிரிங் எஃகே பெரும்பாலும் போதும். இங்கே வளைவு குறைவு, வேலை தாடையைத் திறந்து தள்ளுவது மட்டும். அது மடங்கி நின்றுவிட்டால்தான் துவைச்சல். காந்தம் ஒட்டாத சூட்டைச் சற்றுத் தாண்டி எண்ணெயில் இறக்கி, பிறகு எண்ணெய் பூசி நெருப்பில் காட்டி, பூசிய எண்ணெய் தானாகப் பற்றி எரிந்து அடங்கும்வரை சூடேற்றிப் பதம் எடுங்கள். தண்ணீரில் இறக்கினால் விரிசல் விடும்.

மார்ச் 19

பிராக்கெட்: காலில் சதுர ஓட்டை இருப்பதால் அதைப் பயன்படுத்துங்கள், U பட்டைக்கு மாற்ற வேண்டாம். 12 மி.மீ. தகட்டில் முளை பற்றவைத்து, ஓட்டை வழியாக விட்டு, பின்னால் ஆப்பு. ஆப்பு மெல்லிய சரிவாக இருக்கட்டும், செங்குத்தாக மேலிருந்து கீழ் இறங்கட்டும். அப்போதுதான் அதிர்வில் தளராமல் இன்னும் இறங்கும்.

உயரம், தாடையின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை அளவுக்கு. கம்பம் 200 × 200 மி.மீ., மண்ணுக்குள் 90 செ.மீ.க்குக் குறையாமல். நகர்த்திக்கொள்ள வேண்டும் என்றால் 60 செ.மீ. சதுரம், 20 மி.மீ. தடிமன் இரும்புத் தகட்டின்மேல் நிறுத்தலாம், தகடே 56 கிலோ வரும்.

காலின் அடிமுனை தரையில் அழுந்தி நிற்க வேண்டும். பலர் பிராக்கெட்டை இறுக்கிவிட்டுக் காலைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். காகிதம் ஒன்றை அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு அடியையும் பிராக்கெட்டும் அந்த முளையும் வாங்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அடியில் முளைக்கு ஓட்டை போட்ட தகட்டை வைத்து, காலை அதில் நிறுத்தி எடை ஏறியபின் பிராக்கெட்டை இறுக்குங்கள். வரிசை மாறக் கூடாது.

மார்ச் 20

பூச்சு: காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், இரும்பு கைபொறுக்காத சூட்டில் இருக்கும்போது மெல்லியதாக. தேன்மெழுகு கொஞ்சம் கலந்தால் கை ஒட்டாது. துடைத்த துணியை உருண்டையாகப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள். திருகுக்கு கிராஃபைட் கலந்த கிரீஸ். தாடை முகத்துக்கு எதுவும் வேண்டாம், பிடி வழுக்கும். தாடையின் மேல்விளிம்பு மட்டும் அரத்தால் அரை மி.மீ. மழுக்கிவிடுங்கள், கூர்விளிம்பில்தான் சில்லு தெறிக்கும்.

மார்ச் 24 (கேள்வி கேட்டவர்)

தொட்டியிலிருந்து எடுத்தேன். பெயர் எங்கும் இல்லை. பின்காலின் வலதுபக்கம், கண்ணுக்கு நாலு விரல் கீழே 60 என்று மட்டும் குத்தியிருக்கிறது. 1860ஆ?

மார்ச் 24

ஆண்டாக இருக்காது. இந்த வைஸ்கள் எடைக்கு விற்றவை, எடையைப் பவுண்டில் குத்துவார்கள். 60 பவுண்டு என்றால் 27.2 கிலோ. உங்கள் தராசில் 24.5. ஸ்பிரிங்கும் பிராக்கெட்டும் சேர்ந்து 2.7 கிலோ என்பது 5 அங்குல வைஸுக்குச் சரியாக வருகிற எடை. நீங்கள் செய்கிற ஸ்பிரிங்கையும் பிராக்கெட்டையும் மாட்டுவதற்கு முன்னால் தராசில் வைத்துப் பாருங்கள்.